பங்காளிகள் எல்லாரும் சரி சொன்ன பிறகுதான் கேமரா

காரைக்குடிக்காரர்

சமீபத்தில் என்ன வேலை செய்தீர்கள், யார் யாரைப் பார்த்தீர்கள் என்று இந்தக் குழுவில் கேட்டிருந்தார்கள். நான் வெப்சைட் செய்து கொடுப்பவன், படமும் எடுப்பவன். செட்டிநாட்டில் இந்த இரண்டு வேலையும் பெரும்பாலும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்துவிடும். "படம் எடுக்கிற தம்பியே நெட்லயும் போட்டுக் கொடுத்துடட்டும்" என்பார்கள். வெளியூர் நண்பர்கள் வந்தால் என்ன லென்ஸ், எத்தனை மணிக்கு வெளிச்சம் என்றுதான் கேட்கிறார்கள். அதெல்லாம் பழகினால் வந்துவிடும். இங்கே பெரிய வேலை, எதை எடுக்கலாம், எடுத்ததில் எதை வெளியில் காட்டலாம் என்று உரியவர்களிடம் கேட்டு வாங்குவதுதான்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீடு. விருந்தினர் தங்கும் இடமாக மாற்றுகிறோம், படம் எடுத்து வெப்சைட்டும் செய்ய வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒரு அண்ணன் கூப்பிட்டார். எல்லாரிடமும் பேசியாகிவிட்டது, போய் எடுக்கலாம் என்றார். சாவி பின் தெருவில் ஒரு ஆச்சியிடம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இந்த வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். ஆச்சி பின்வாசல் வழியாகவே கூட்டிப்போய், மூன்றாம் கட்டு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டி, வளவு என்கிற நடு முற்றத்தில் கொண்டுபோய் விட்டார்.

வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை என்று அந்தக் காலத்தில் கட்டியது. இப்போது ஒவ்வொரு கதவிலும் ஒவ்வொரு பூட்டு. ஆச்சி விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். "இது பெரியவர் பங்கு. இது மலேசியாக்காரங்க. இந்த ரெண்டு சாவியும் கோயம்புத்தூர்ல இருக்கு." என்னைக் கூப்பிட்ட அண்ணனுக்கு அதில் ஒரு மூலைதான். சரி, வளவை மட்டுமாவது எடுத்துக்கொள்கிறேன் ஆச்சி என்றேன்.

"வளவு பொதுவுல்ல தம்பி? பொதுவை எடுக்கணும்னா எல்லாரையும்ல கேக்கணும்?"

அதற்கு மேல் என்ன பேச? அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொருவராக வீடியோ காலில் பிடித்தோம். ஒருவர் உடனே சரி என்றார். ஒருவர் சாமி அறைப் பக்கம் கேமராவே திரும்பக் கூடாது என்றார். இன்னொருவர் எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிட்டு, மாதிரிக்கு அனுப்பிய காலை உணவுப் படத்தைப் பார்த்ததும் கொதித்துவிட்டார். மேசைக்குப் பின்னால் சுவரில் மாலை போட்ட பெரியவர் படம் இருந்தது. "எங்க ஐயா முன்னாடி ஆம்லெட்டா?" என்றார். மேசையை எதிர்ப் பக்கம் நகர்த்திப் போட்டு, வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வைத்துத் திரும்ப எடுத்தோம். சொல்லப்போனால் அந்தப் படம்தான் இப்போது அந்த வெப்சைட்டிலேயே நல்ல படம்.

வெளிச்சம் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நடுவில் திறந்த வானம், சுற்றிலும் தாழ்வாரம், நிழல், கறுத்துப்போன பர்மா தேக்குத் தூண்கள். உச்சி வெயிலில் முற்றம் வெள்ளையாக வெடிக்கும், அறைகள் கரியாகும். வெயில் தரையில் இறங்குவதற்கு முன் காலையிலேயே முக்காலி போட்டு, ஒரே காட்சியை வெளிச்ச அளவு மாற்றி மாற்றி, ரெண்டு ரெண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து படமாக எடுத்து, பிறகு கையாலேயே சேர்க்கிறேன். மென்பொருளைத் தானாகச் சேர்க்கச் சொன்னால் தேக்கு ஆரஞ்சு நிறத்துக்குப் போய்விடுகிறது. சிவப்புத் தரையின் சாயல் வெள்ளைச் சுவரில் ஏறுவதை ஓரளவுதான் குறைப்பேன். அங்கே நிற்கிறவர் கண்ணுக்கே சுவர் அப்படித்தான் தெரியும்.

அடுத்தது ஆத்தங்குடியில் ஒரு கல் பட்டறை. இங்கே டைல்ஸ் என்று யாரும் சொல்வதில்லை, கல்தான். இந்த வேலையை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சதுரக் கண்ணாடி ஒன்றைத் துடைத்து வைக்கிறார்கள். அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் சிமெண்டில் கரைத்த வண்ணத்தைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். பிறகு அச்சைச் செங்குத்தாக, கை நடுங்காமல் தூக்க வேண்டும். தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், கலக்காது. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவினால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்புறம் கலவை போட்டு மட்டப்படுத்திக் காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். பூ இருக்கிற முகம் இத்தனை நேரமும் கீழே கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கிறது. கண்ணாடியை எடுக்கும்போதுதான் அந்த மினுமினுப்பு தெரியும். பாலீஷ் எதுவும் போடுவதில்லை, கண்ணாடியின் வழவழப்பே கல்லுக்கு வந்துவிடுகிறது.

பட்டறைக்காரர் கேட்டது, வண்ணத்தைத் திரையிலேயே பார்த்து வாங்குகிற மாதிரி ஒரு பக்கம். நான் வேண்டாம் என்றேன். ஈரக் கல்லின் சிவப்பு வேறு, காய்ந்ததன் சிவப்பு வேறு. போனுக்குப் போனும் மாறும். சாம்பல் அட்டை வைத்து நிறம் சரிபார்த்துத்தான் எடுத்தேன், இருந்தாலும் 'மாதிரிக் கல் வாங்கிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்' என்று பக்கத்தின் மேலேயே பெரிதாகப் போடச் சொன்னேன். "வியாபாரத்தைக் கெடுக்கிறீங்களே" என்று சிரித்தார். போட்டோம்.

மூன்றாவது, ஒரு பெரிய குடும்பத்தின் பங்காளிப் பதிவேடு. பாதிக் கைப்பிரதி, மீதி எப்போதோ பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. நாங்கள் படிவம் போட்டுக் காட்டியதும் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "விலாசம் எங்கே?" நான் முகவரிக் கட்டத்தைக் காட்டினேன். அவர் கேட்டது இனிஷியலை. இங்கே ஒரு வீட்டை அடையாளம் சொல்வதே அதை வைத்துத்தான். நாலைந்து தலைமுறை எழுத்து ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஒரே எழுத்து இரண்டு முறை வருவதும் உண்டு. சாதாரணப் படிவத்தில் இனிஷியலுக்கு மூன்று எழுத்து இடம்தான் விடுவார்கள். விலாசத்துக்குத் தனிக் கட்டம் போட்டு, தேடலும் அதிலிருந்தே தொடங்கும்படி மாற்றினேன். நகரத்தார் குடும்பங்கள் எல்லாம் ஒன்பது கோயில்களுக்குள் அடங்கிவிடும் என்பதால், கோயில் கட்டத்தில் இளையாற்றங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரை ஒன்பது பெயர்கள் போதும், அதில் சிக்கலே இல்லை.

போன் நம்பர் எல்லாருக்கும் தெரிய வேண்டுமா என்று கேட்டதற்கு, "பொண்ணு பாக்கிறவந்தான் முதல்ல வந்து தொறப்பான். பாஸ்வேர்டு போடுங்க" என்றார் பெரியவர். அதைவிடத் தெளிவாக எந்த வாடிக்கையாளரும் எனக்கு உத்தரவு கொடுத்ததில்லை.

இதெல்லாம் கூலிக்குச் செய்தது. எனக்காக எடுப்பது பூட்டிக் கிடக்கிற வீடுகளின் முகப்பு. கஜலட்சுமி, துப்பாக்கி பிடித்த சிப்பாய் என்று மேலே சுதை உருவங்கள் நிற்கும், கீழே திண்ணையில் ஆடு படுத்திருக்கும். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. நல்லதுதான். ஆனால் பாகப்பிரிவினை முடியாத வீட்டின் கதவை அந்தப் பட்டியல் தாங்கிப் பிடிக்காது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தால் தெரியும். நிலை, தூண், பீங்கான் ஜாடி, கண்ணாடி என்று ஒரு வீட்டின் உடம்பே கடை கடையாகக் கிடக்கும்.

ஒரு ஊரில் முகப்பை எடுத்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அம்மா வந்து நின்றார். "யாருக்குப் படம் எடுக்கிறீங்க? விலை பேசியாச்சா?" என்றார். புரோக்கர் என்று நினைத்துவிட்டார். இல்லையம்மா, சும்மா எனக்காக என்றேன். நம்பவில்லை. போன மாதம் சும்மா என்று சொல்லிப் படம் எடுத்துப் போனவன் பிறகு லாரியோடு வந்தானாம். அவர் நம்பாதது நியாயம். கேமராவைக் கொடுத்து எல்லாப் படத்தையும் பார்க்கச் சொன்னேன். கதவுப் பூட்டு தெரிகிற இரண்டை அழிக்கச் சொன்னார், அவர் கண்ணெதிரேயே அழித்தேன்.

இந்த வரிசையில் ஊர்ப் பெயர் போடுவதில்லை, தெரு அடையாளம் காட்டுவதில்லை, கோப்பில் இருக்கும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட்டுத்தான் வெளியிடுகிறேன். இடம் சொல்லாத படத்துக்கு என்ன மதிப்பு என்று ஒரு நண்பர் கேட்டார். இடம் தெரிந்தால் யார் முதலில் போவார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

தேவகோட்டை கல்யாண போட்டோகிராபர்

அண்ணே, நம்ம கதையும் அதேதான். திருப்பூட்டும், அதாவது தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை பெண்ணைச் சுற்றி ஆச்சிமார் நெருங்கி நின்றுவிடுவார்கள், நமக்குக் கிடைப்பது பட்டுச் சேலை முதுகு மட்டும். ஒரு வீட்டில் மேல்மாடியிலிருந்து வளவைப் பார்த்து எடுக்கலாமா என்று கேட்டுப் போய் நின்றேன். அருமையான கோணம். முடித்து இறங்கியதும் பெண்ணின் ஆயா, அதாவது பாட்டி, என்னைத் தனியே கூப்பிட்டு, கழுத்துரு என்கிற தங்கத் தாலி தெரிகிற படம் ஒன்றுகூட ஆல்பத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். அத்தனை பவுன், யார் யார் கண்ணிலோ படும் என்ற கவலை. என் இன்ஸ்டாகிராமில் அந்தக் கல்யாணத்திலிருந்து இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தத்தை எழுதுகிற கையும் வாசல் கோலமும்தான் இருக்கின்றன. ஆர்டர் அதைப் பார்த்தும் வருகிறது.

சிங்கப்பூர் பங்காளி

நான் அடுத்த பக்கத்து ஆள், வீட்டில் பங்கு உள்ளவன். எங்கள் வீட்டையும் இப்படி விடுதியாக்கியிருக்கிறார்கள். யாரோ ஒரு டிசைனர் செய்த வெப்சைட். ஆபீசில் மதிய சாப்பாட்டு நேரத்தில் திறந்து பார்க்கிறேன், எங்கள் அப்பச்சி கணக்குப் பார்த்த அறையில் கட்டிலும் குளியல் துண்டை மடித்துச் செய்த வாத்தும். 'டீலக்ஸ்' என்று பெயர். வாடகையில் எனக்கும் பங்கு வருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்த வாத்து உறுத்தியது. அண்ணனுக்குப் போன் போட்டு, அறைகளுக்கு டீலக்ஸ், சூட் என்றெல்லாம் வேண்டாம், யார் அறையோ அவர் பெயரை வை என்றேன். வைத்துவிட்டார். வாத்து இன்னும் இருக்கிறது.

பள்ளத்தூர் டீச்சர்

நான் தொழில்முறை ஆள் இல்லை, போனில்தான் எடுப்பேன். பிள்ளையார் நோன்பு அன்று பக்கத்து வீட்டில் கூப்பிட்டிருந்தார்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், கோடி வேட்டியிலிருந்து எடுத்த 21 நூலைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுப்பார். சின்னப் பையன் ஒருவன் கண்ணை இறுக மூடி வாயைத் திறக்கிற நொடியில் படம் விழுந்துவிட்டது, முகம் முழுக்கத் தீயின் வெளிச்சம். அனுப்பினேன், குடும்பமே கொண்டாடியது. பள்ளி ஆண்டு மலரில் போடலாமா என்றேன். அவன் அம்மா யோசித்துவிட்டு, "வேண்டாம் டீச்சர், பாக்குறவங்க பிள்ளைக்கு நெருப்பைக் கொடுக்குறாங்கன்னு பேசுவாங்க" என்றார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். போடவில்லை.

புதுக்கோட்டை வெப் டிசைனர்

காரைக்குடி அண்ணனுக்கு இரண்டு கேள்வி. பாமினிப் பதிவேட்டை எப்படி மாற்றினீர்கள்? தமிழ்த் தலைப்பு போனில் பாதியில் வெட்டுப்படுவதற்கு என்ன செய்கிறீர்கள்?

காரைக்குடிக்காரர்

பாமினியில் அடித்தது பார்க்கத்தான் தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. அப்படியே ஒட்டினால் குப்பையாக வரும், தேடலிலும் சிக்காது. மாற்றுவதற்குக் கருவிகள் இருக்கின்றன, தொண்ணூறு சதவீதம் சரியாக வரும். மிச்சத்தை ஆள் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். பழைய தட்டச்சில் 'ர' வர வேண்டிய இடத்தில் துணைக்கால் போட்டிருப்பார்கள். ஔகாரத்துக்கு ஒற்றைக் கொம்பும் 'ள' எழுத்தும் தனித்தனியாக இருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் ராமநாதன் என்று தேடினால் பாதி ராமநாதன்கள் வரமாட்டார்கள். இந்த வட்டாரத்தில் அது சின்ன நஷ்டம் இல்லை.

தலைப்புக்கு: ஆங்கிலத்துக்கு வைக்கிற வரி இடைவெளியைத் தமிழுக்கு வைக்காதீர்கள். மேல் வரியின் உகரமும் கீழ் வரியின் இகரச் சுழியும் முட்டிக்கொள்ளும், நான் எழுத்தின் அளவைப் போல 1.6 மடங்குக்குக் கீழே இறங்குவதில்லை. எழுத்துருவில் முக்தா மலர், நோட்டோ இரண்டும் எனக்குச் சரியாக அமைகின்றன. 'கானாடுகாத்தானிலிருந்து' மாதிரிச் சொல் சின்னத் திரையில் எப்படியும் தொல்லைதான். எழுத்தைச் சிறிதாக்குவதை விட வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லி வாடிக்கையாளரிடம் கேட்டுவிடுங்கள். கொடுக்கிறார்கள்.

சிங்கப்பூர் அண்ணனுக்கு: அந்த வாத்து வேலை எங்கள் வேலை இல்லை, ரூம் பையன்கள் செய்வது. படம் எடுக்கும் அன்று யாராவது எடுத்து ஓரமாக வைக்கச் சொன்னால் போதும். அடுத்த முறை ஊருக்கு வரும்போது சொல்லுங்கள், அறையைத் திரும்ப எடுத்துவிடலாம். உங்கள் பங்காளிகளிடம் நீங்களே பேசிவிடுங்கள்.