அழுங்காமை: எறும்புதின்னியா, அழுகையா?

வேம்பாற்றுக்காரன்:
எங்கள் ஊர்ப் பள்ளிச் சுவரில் மன்னார் வளைகுடாவின் ஐந்து கடலாமைகளையும் வரைந்துகொண்டிருக்கிறோம். பேராமை, பங்குனி ஆமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என்று நான்குக்குப் பெயர் எழுதியாகிவிட்டது. ஐந்தாவதில்தான் இழுபறி. ஓவியர் ஏதோ செய்தித்தாளைப் பார்த்து 'பருந்தலகு ஆமை' என்று எழுதப் போனார். கடற்கரையில் அதற்குப் பெயர் அழுங்காமை, அதையே எழுதுங்கள் என்று நிறுத்திவைத்திருக்கிறேன். "அழுங்கு என்றால் என்னவென்று பிள்ளைகள் கேட்டால் யார் பதில் சொல்வது?" என்கிறார் தலைமையாசிரியர். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாம்பனூரான்:
இதில் குழப்பமே இல்லை. அழுங்கு என்றால் எறும்புதின்னி. மலையடிவாரத்துக்காரர்களைக் கேளுங்கள், இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். உடம்பு முழுக்க ஒன்றின்மேல் ஒன்று ஏறிய செதில். இந்த ஆமையின் முதுகும் அதே மாதிரிதான்.

கரையொதுங்கிக் கிடந்த ஒன்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும். வாலிலிருந்து தலைக்குத் தடவினால் ஒவ்வொரு தகட்டின் விளிம்பும் விரலைத் தடுக்கும். நடுவில் 5, இருபுறமும் நான்கு நான்கு, ஆக 13 பெரிய தகடுகள். பேராமைக்கும் அதே கணக்குதான், ஆனால் அதில் தகடுகள் விளிம்போடு விளிம்பு சேர்ந்து சமமாக இருக்கும், ஏறியிருக்காது. 1766இல் உயிரியலாளர் லின்னேயஸ் இதற்கு 'இம்பிரிகேட்டா' என்று அறிவியல் பெயர் வைத்ததும் கூரை ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கியிருக்கிறது என்ற பொருளில்தான். நம் ஆட்கள் கூரை ஓட்டுக்குப் பதில் அழுங்கைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

சொல்லேர்:
பாம்பனூரான் ஐயா, அவ்வளவு சுலபமாக முடித்துவிடாதீர்கள். அழுங்குதல் என்று ஒரு பழைய வினை இருக்கிறது. வருந்துதல், இரங்குதல், கெடுதல் என்றெல்லாம் பொருள். ஆரவாரம் என்ற பொருளும் உண்டு. சங்கப் பாடல்களில் 'அழுங்கல் ஊர்' வருவது அப்படித்தான். 'அழுங்கு ஆமை' என்பதை வினைத்தொகையாக எடுத்தால் அழுங்கிய, அழுங்குகிற, அழுங்கும் ஆமை. முட்டையிடக் கரையேறும் ஆமையின் கண்ணிலிருந்து நீர் வழிவதைப் பார்க்காத மீனவர் உண்டா? அந்தக் காட்சியிலிருந்து வந்த பெயரை ஏன் காட்டு விலங்கிடம் கொண்டுபோய் ஒட்டவேண்டும்? எறும்புதின்னி கடற்கரையில் ஏது?

பாம்பனூரான்:
கண்ணீர் எல்லாக் கடலாமைக்கும் வரும் ஐயா. கண்ணருகே உப்புச் சுரப்பி இருக்கிறது, உடம்பில் சேரும் உப்பை அப்படித்தான் வெளியேற்றுகின்றன. பங்குனி ஆமையும் அழும், பேராமையும் அழும். ஐந்தில் ஒன்றுக்கு மட்டும் ஏன் அந்தப் பெயர்?

வேம்பாற்றுக்காரன் எழுதிய மற்ற நான்கு பெயர்களையும் பாருங்கள். பெரிய உடம்பு, பங்குனி மாதம், பெரிய தலை, முதுகில் ஏழு வரி. எல்லாமே ஓர் ஆமையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுபவை. ஐந்தாவதற்கு மட்டும் எல்லா ஆமைக்கும் பொதுவான ஒன்றைப் பெயராக வைப்பார்களா? அப்புறம், எறும்புதின்னியைத் தெரிந்துகொள்ள அது கடற்கரைக்கு வரவேண்டியதில்லை. ஏரிக்கரையிலும் குன்றடியிலும் இருக்கிற விலங்குதான் அது.

மன்னார்த் தங்கச்சி:
நான் அக்கரையிலிருந்து எழுதுகிறேன். சிங்களத்தில் இந்த ஆமைக்குப் பெயர் 'பொத்து கெஸ்பேவா'. பொத்து என்றால் மரப்பட்டை, செதில். பெருந்தலை ஆமைக்கு 'ஒளுகெடி கெஸ்பேவா', அதாவது தலையை வைத்த பெயர். ஒரே கடலில் தொழில் செய்கிற இரண்டு சனமும் ஒரே அடையாளத்தைத்தான் பிடித்திருக்கினம். பாம்பனூரான் அண்ணா சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆனால் ஒன்று. இந்த ஆமையின் இறைச்சி சில வேளை நஞ்சாகும். கடற்பாசி, கடற்பஞ்சு என்று அது தின்னும் இரையில் இருந்து சேர்வதாம். தின்று செத்தவர்கள் உண்டு. இலங்கைக் கரையில் அந்தக் காலத்தில் ஈரலை வெட்டிக் காகத்துக்குப் போட்டுப் பார்ப்பார்கள். காகம் தொடாவிட்டால் இறைச்சி முழுவதையும் எறிந்துவிடுவார்கள். அழுங்குதலுக்குக் கெடுதல் என்றும் பொருள் இருக்கிறது என்றால், சொல்லேர் ஐயா கண்ணீரை விட்டுவிட்டு இதையல்லவா பிடித்திருக்க வேண்டும்?

சொல்லேர்:
நல்ல இடத்தைத் தொட்டீர்கள் தங்கச்சி. தின்றவனை அழுங்கச் செய்யும் ஆமை. மற்ற ஆமைகளைவிட இதுதான் அந்த நஞ்சுக்குப் பேர்போனது. ஆகவே 'பிரித்துக் காட்ட வேண்டும்' என்ற ஐயாவின் விதிக்கும் என் வழி பொருந்துகிறது.

ஏட்டுச்சுவடி:
இலக்கணப்படி பார்த்தால் பொருந்தாது. 'அழுங்கச் செய்யும் ஆமை' என்றால் பிறவினை வடிவம் வந்திருக்க வேண்டும், தன்வினை 'அழுங்கு' அல்ல. இன்னொன்றும் இருக்கிறது. அழுங்காமை என்ற இதே எழுத்துகளை எதிர்மறைத் தொழிற்பெயராகவும் படிக்கலாம். கல்லாமை போல, வருந்தாதிருத்தல்! எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு பொருள் தேடினால் இப்படி நேரெதிர்த் திசைக்கும் போய்விடலாம்.

பக்கத்து மொழிகளைப் பார்ப்போம். எறும்புதின்னிக்கு மலையாளத்தில் 'அளுங்கு', தெலுங்கில் 'அலுகு'. தமிழின் ழகரம் தெலுங்கில் டகரமாவதுதான் வழக்கம்: ஏழு ஏடு ஆகிறது, கோழி கோடி ஆகிறது. ஆனால் 'அலுகு'வில் டகரம் இல்லை. மலையாளம் மழை, புழை எல்லாவற்றிலும் ழகரத்தை அப்படியே வைத்திருக்கிற மொழி. அங்கேயும் ளகரம் என்றால், விலங்கின் பெயர் தொடக்கத்தில் 'அளுங்கு' என்றே இருந்திருக்கும். அழுகிற அழுங்குக்கும் அதற்கும் உறவில்லை. பின்னால் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன.

சொல்லேர்:
அப்படியானால் அது எனக்குத்தான் சாதகம். விலங்கு அளுங்கு, ஆமை அழுங்காமை. எழுத்தே வேறு என்று நீங்களே காட்டிவிட்டீர்கள்.

ஏட்டுச்சுவடி:
இன்று விலங்கையும் அழுங்கு என்றுதானே தமிழில் எழுதுகிறோம்? விலங்குக்கு மாறிய எழுத்து ஆமைக்கும் மாறியிருக்கும்.

பாம்பனூரான்:
மீனவர்கள் இந்த ஆமையைத் தேடியது இறைச்சிக்காக அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுக்காக. முசிறித் துறையிலிருந்து ஏற்றுமதியான பொருள்களில் ஆமையோட்டையும், அது தமிழகக் கரைக்கு அப்பாலுள்ள தீவுகளிலிருந்து வந்ததையும் முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வணிக நூலான பெரிப்ளூஸ் சொல்கிறது. சீப்பும் பெட்டியும் செய்ய உகந்த ஓடு இந்த ஆமையினுடையதுதான். சூடு காட்டித் தகடுகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுப்பார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் தேன் நிறத்தில் கரும்பழுப்புக் கீற்றுகள் ஓடும். அந்தத் தகட்டுக்காகவே உலகம் முழுக்கக் கொன்று குவித்து, இன்று அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டோம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; எறும்புதின்னியும் அதே அட்டவணையில்தான். அதுவும் செதிலுக்காகத்தான் கடத்தப்படுகிறது. தகடுதான் எல்லாம் என்று இருந்த தொழிலில் பெயரும் தகட்டை வைத்தே வந்திருக்கும்.

வேம்பாற்றுக்காரன்:
எனக்கு இது போதும். சுவரில் அழுங்காமை என்றே எழுதுகிறோம். பக்கத்தில் ஓர் எறும்புதின்னியையும் சின்னதாக வரையச் சொல்லிவிட்டேன், தலைமையாசிரியரும் ஒத்துக்கொண்டார். பருந்தலகு என்பது ஆங்கிலப் பெயரைப் பார்த்து எழுதியது. அலகு கூர்மையாக வளைந்திருப்பது உண்மைதான், அதனால் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் கரையில் ஒரு பெயர் இருக்கும்போது பிள்ளைகளுக்கு அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

சொல்லேர்:
அழுங்காமை என்று எழுதுவதில் எனக்கு முழுச் சம்மதம். எறும்புதின்னிப் படத்தில்தான் இல்லை. முடிவு தெரியாத ஒன்றைச் சுவரில் முடிவாக வரைந்துவிடுகிறீர்கள். வேதாளை, கீழக்கரை, மணப்பாடு பக்கம் வயதானவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் வாயால் அழுங்கா, அளுங்கா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

பாம்பனூரான்:
எங்கள் பக்கத்தில் பழமும் பளம்தான், மழையும் மளைதான் ஐயா. அளுங்கு என்றுதான் காதில் விழும். அதை வைத்து உங்கள் கட்சியும் நிற்காது, என் கட்சியும் நிற்காது. படம் இருக்கட்டும்.

சொல்லேர்:
அப்படியென்றால் படத்துக்குக் கீழே 'என்று சிலர் சொல்வர்' என்றாவது ஒரு வரி போடுங்கள், வேம்பாற்றுக்காரன்.