ஜில்லா போர்டு காலத்துக் கட்டடம்: வயதை எப்படிக் கணிப்பது? தளத்தை என்ன செய்வது?

கெடிலக்கரை
நெல்லிக்குப்பம் பக்கம் ஊராட்சிக்குச் சொந்தமான பழைய கட்டடம் ஒன்று. ஊரில் பாதிப் பேர் சத்திரம் என்கிறார்கள், பாதிப் பேர் டி.பி. (டிராவலர்ஸ் பங்களா) என்கிறார்கள். நடுக்கூடத்துக்கு மெட்ராஸ் டெரஸ் (தேக்குக் கட்டைகள் மேல் செங்கலும் சுண்ணாம்பு ஜல்லியும் போட்ட தட்டைத் தளம்), பக்க அறைகளுக்கு மங்களூர் ஓடு. வாசல் கல்லில் 1935 என்று இருக்கிறது, ஆனால் நடுக்கூடம் அதைவிடப் பழசாகத் தெரிகிறது. ஆண்டை எப்படி உறுதி செய்வது? இன்னொன்று, கூடம் ஒழுகுகிறது. மேலே இரண்டு இஞ்ச் கான்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார் கான்ட்ராக்டர். போடலாமா?

பழங்கல்
அந்த 1935-ஐ அப்படியே நம்பாதீர்கள். அது ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி விழா ஆண்டு. 1887, 1897, 1911, 1935 நான்கும் பிரிட்டிஷ் அரச விழா ஆண்டுகள். ஏற்கெனவே நின்ற கட்டடத்துக்கு ஒரு வராண்டா சேர்த்துவிட்டுக் கல் பதித்ததும் உண்டு. கல்லில் 'அடிக்கல்' என்றிருக்கிறதா, 'திறப்பு' என்றிருக்கிறதா, கல்லைச் சுற்றியுள்ள பூச்சு சுவர்ப் பூச்சோடு ஒன்றாக ஓடுகிறதா, வெட்டிப் பதித்த விளிம்பு தெரிகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, காசு போட்டது யார் என்பது. 1871 மெட்ராஸ் சட்டத்தில் லோக்கல் ஃபண்டு (உள்ளூர் வரி நிதி), 1884 சட்டத்தில் ஜில்லா போர்டும் தாலுகா போர்டும், அதாவது மாவட்ட, வட்ட அளவிலான உள்ளாட்சிகள். தாலுகா போர்டுகள் 1934-இல் ஒழிந்தன. 1958 சட்டத்துக்குப் பிறகு பஞ்சாயத்து யூனியன்கள் வந்தன. கட்டடம் இதில் யார் கையில் இருந்தது என்று தெரிந்தால் எந்த ஆவணத்தைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் தாலுகா அலுவலகத்தில் 'ஏ' ரிஜிஸ்டரை (கிராம நிலப் பதிவேடு) கேளுங்கள். புறம்போக்கு என்பதோடு விட்டுவிடாமல் குறிப்புக் கலத்தையும் படியுங்கள். 'சத்திரம்', 'சாவடி', 'பங்களா' என்று அங்கே ஒரு சொல் இருந்தால் ஊர்ச் சண்டை தீர்ந்தது. அடுத்து எழும்பூர் ஆவணக் காப்பகம். 1920-க்கு முந்தையது என்றால் லோக்கல் அண்டு முனிசிபல் துறை அரசாணைகளில் பாருங்கள். மாவட்டப் பெயரைத் தென்னாற்காடு என்று போட்டுத் தேட வேண்டும். கடலூர் தனி மாவட்டமானதே 1993-இல்தான்.

சுண்ணாம்புக்காரன்
காகிதம் கிடைக்கும் வரை கட்டடத்தையே படிக்கலாம்.

பக்க அறை ஓட்டில் ஒன்றை எடுத்துத் திருப்புங்கள். அடிப்பக்கத்தில் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன் மங்களூரில் ஓட்டுச் சூளை தொடங்கியது 1865-இல். ஆகவே மங்களூர் ஓடு அதற்கு முன்னால் வந்திருக்க வழியில்லை. ஆனால் ஓட்டை மட்டும் வைத்துச் சுவருக்கு வயது சொல்லக் கூடாது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் இந்தப் பக்கம் பறந்த ஓடுகள் கொஞ்சமா? மாற்று ஓடாக இருக்கலாம்.

இரும்பு உத்தரம் இருந்தால் அதன் நடுப்பட்டையைத் துடைத்துப் பாருங்கள். டார்மன் லாங் (இங்கிலாந்து இரும்புக் கம்பெனி) என்றிருந்தால் 1875-க்குப் பின், டாட்டா என்றிருந்தால் 1912-க்குப் பின். முழுக்கத் தேக்குக் கட்டை என்றால் பழசாக இருக்க வாய்ப்பு அதிகம், உறுதி இல்லை.

பூச்சை ஆணியால் கீறுங்கள். பொலபொலவென்று உதிர்ந்து, நடுவே வெள்ளைச் சிப்பித் துணுக்கு தெரிந்தால் அது கிளிஞ்சல் சுண்ணாம்பு. ஆணி வழுக்கிச் சாம்பல் கோடு விழுந்தால் சிமெண்ட், பிற்காலத்து ஒட்டு.

கான்கிரீட் விஷயம்: போடவே கூடாது. கணக்கைப் பாருங்கள். இரண்டு இஞ்ச் கான்கிரீட் சதுர அடிக்கு 11 கிலோ. ஆயிரம் சதுர அடிக் கூடத்துக்கு 11 டன். அந்த எடையைத் தாங்கப்போவது நூறு வயதுத் தேக்குக் கட்டை. அதைவிட மோசம், சிமெண்ட் வெடித்த இடத்தில் நீர் இறங்கும், ஆனால் திரும்ப ஆவியாக வெளியே போகாது. உள்ளே தேங்கிக் கட்டையின் தலையை அழுகவைக்கும். சுவருக்குள் நுழையும் அந்த ஆறு இஞ்ச்தான் முதலில் போகும், வெளியே பார்த்தால் தெரியாது. கட்டை சுவரைத் தொடும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். அரை இஞ்சுக்கு மேல் இறங்கினால் கூடத்துக்கு உடனே முட்டுக் கொடுங்கள், மற்ற வேலையெல்லாம் பிறகு.

பாகூர் எல்லை
புதுச்சேரிப் பக்கத்து ஊர்களில் இதே வேலையைச் செய்பவர்களுக்கு ஒன்று: ஜில்லா போர்டைத் தேடாதீர்கள், பிரெஞ்சு ஆட்சி நடந்த இங்கே அது கிடையாது. 1880 மார்ச் 12 ஆணையில் பத்து கொம்யூன்கள் (உள்ளாட்சிப் பகுதிகள்), 1907-இல் பதினேழு. கொம்யூனுக்கு ஒரு மேரி, அதாவது நகர மன்றக் கட்டடம். காகிதம் பிரெஞ்சில் இருக்கும். லாஸ்பேட்டையில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையம் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம்.

தளம் பற்றிச் சுண்ணாம்புக்காரன் சார் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடற்கரைச் சாலை மேரி 1870-71-இல் கட்டியது, பழுதுபார்க்கப்போகிறோம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே 2014 நவம்பர் மழையில் சரிந்தது. இப்போது நிற்பது அதே உருவில் புதிதாகக் கட்டியது.

கெடிலக்கரை
இன்று குத்திப் பார்த்தோம். பதினாலு கட்டையில் இரண்டு, வடக்குச் சுவர்ப் பக்கம், மாவு மாதிரி இறங்குகிறது. முட்டுக் கொடுத்தாயிற்று. கான்கிரீட் இல்லையென்றால் ஒழுகலுக்கு என்ன?

சுண்ணாம்புக்காரன்
இரண்டும் ஒரே பக்கம் என்றால் தண்ணீர் வரும் வழி அங்கேதான். வடக்குக் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாய் வாய், இரண்டையும் பாருங்கள். அரச மரக் கன்று முளைத்திருந்தால் இழுத்துப் பிடுங்காதீர்கள், வேர் அறுந்து உள்ளேயே நின்று மறுபடி தழைக்கும். மூலைப் பூச்சைத் திறந்து வேரோடு எடுங்கள்.

பிறகு அந்தப் பகுதித் தட்டோட்டை (தளத்தின் மேல் பதித்த தட்டை ஓடு) மட்டும் பெயர்த்து, அடியில் செங்கல் ஜல்லித் தளத்தைத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் விட்டுவிடுங்கள். பொத்தென்றால் அந்த இடத்தை வெட்டி எடுத்து, இரண்டரைப் பங்கு செங்கல் ஜல்லிக்கு ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்பு கலந்து போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தி) அடிக்க வேண்டும். கொட்டாப்புளி பள்ளம் விழாமல் எகிறும் வரை அடி. சில நாள் ஆகும். ஆள் கூலியைப் பார்த்து ஒரே நாளில் முடித்தால் அடுத்த ஐப்பசியிலேயே ஒழுகும். கட்டைத் தலைகளை மாற்றும்போது சுவருக்குள் சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விடச் சொல்லுங்கள், சிமெண்ட் வைத்து அடைத்துவிடப் போகிறார்கள்.