எம்பிசி2000எக்ஸ்எல்: கோடெக் மாட்டியபின் வட்டு மாறுவதை உணர்வதில்லை

வணக்கம். என் அக்காய் எம்பிசி2000எக்ஸ்எல்லில் (ஒலிகளைப் பதிந்து இசையமைக்கும் சாம்ப்ளர் இயந்திரம்) பழைய பிளாப்பி டிரைவ் போய்விட்டது (நம்மூர் ஈரத்தில் பாதி வட்டுகளில் பூஞ்சை வேறு). மூன்று வாரம் முன்பு அதற்குப் பதில், யுஎஸ்பியைப் பிளாப்பி வட்டுபோல் காட்டும் கோடெக் எமுலேட்டர் மாட்டி, அதில் ஃப்ளாஷ்ஃப்ளாப்பி என்ற ஃபர்ம்வேரை ஏற்றினேன். முதல் இமேஜில் (ஒரு பிளாப்பி வட்டுக்குச் சமமான கோப்பு) லோட், சேவ் இரண்டும் சரியாக நடக்கின்றன. இரண்டாவது இமேஜுக்கு மாற்றினால் திரையில் பழைய கோப்புப் பட்டியலே நிற்கிறது. அணைத்துப் போட்டால்தான் சரியாகிறது. இந்த நிலையில் சேவ் செய்தால் பழைய பட்டியல் புது இமேஜின்மேல் எழுதப்பட்டு அதுவும் பாழ். ஒன்று அப்படித்தான் போனது.

பார்த்தவை: கோடெக்கின் டிரைவ் எண்ணைத் தேர்வு செய்யும் ஜம்பர் எஸ்0-இல் டிரைவே தெரியவில்லை, எஸ்1-இல் தெரிகிறது. ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு 1ஆம் பின் பக்கமே. திருப்பிப் போட்டிருந்தால் விளக்கு அணையாமல் எரிந்திருக்கும். மின்சாரம் 4.98 வோல்ட். 34 பின் கேபிளையும் சிங்கப்பூர் சிம் லிம் டவரில் புதிதாக வாங்கி மாற்றியாயிற்று. யுஎஸ்பி 8 ஜிபி, ஃபேட்32, இமேஜ்கள் 1.44 எம்பி. ஃப்ளாஷ்ஃப்ளாப்பியின் அமைப்புக் கோப்பான எஃப்எஃப்.சிஎஃப்ஜி-யில் இன்டர்ஃபேஸை ஷுகார்ட், ஐபிஎம்பிசி என இரண்டாகவும் வைத்துப் பார்த்தேன். ஷுகார்ட்டில் வட்டு மாறிய சிக்னல் 2ஆம் பின்னில், மற்றதில் 34இல். இரண்டிலும் அதே கதை.

இதே மாடலில் கோடெக் மாட்டியவர்கள், இயந்திரம் வட்டு மாறியதை உணர எந்த இன்டர்ஃபேஸ், ஜம்பர் அமைப்பு வைத்திருக்கிறீர்கள்?