டார்லி அராபியன் ஆண்வழி: ரேஸ் புத்தகத்துக் குதிரையிலிருந்து அலெப்போ வரை சரிபார்ப்பது எப்படி?

கிண்டி_வாசகன் எழுதியது:

ரேஸ் புத்தகத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் கீழே தகப்பன், தாய் பெயர் போடுகிறார்கள். தகப்பனுக்குத் தகப்பன், அதற்குத் தகப்பன் என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தால் பெரும்பாலும் 300 வருடத்துக்கு முன் இங்கிலாந்து போன டார்லி அராபியன் என்ற பொலிகுதிரையில்தான் போய் நிற்கும் என்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியவை:

இந்தச் சங்கிலி முழுதாக என்ன? அதில் எந்தக் கண்ணி பலவீனம்? "95 சதவீதம் டார்லி" என்றால் உடம்பில் ஓடுகிற ரத்தமே 95 சதவீதம் என்றா அர்த்தம்? அந்தக் குதிரை சுத்தமான அரபு இனம்தானா, வேகம் அதனிடமிருந்துதான் வந்ததா?

ஏடு பார்த்தவர்களும் மரபணு விஷயம் தெரிந்தவர்களும் விளக்கினால் நல்லது.


பழைய_ஏடு எழுதியது:

அடிப்படை ஆவணத்திலிருந்து தொடங்குவோம் நண்பரே. தாமஸ் டார்லி என்ற ஆங்கில வணிகர் சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து 1703 டிசம்பரில் தன் சகோதரருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒன்றரை வருடம் முன்பு வாங்கிய குட்டி, வருகிற மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் தொடக்கத்தில் நான்கு வயது முடியும், நிறம் செம்பழுப்பு, இடது முன்காலிலும் இரண்டு பின்கால்களிலும் வெள்ளை, நெற்றியிலிருந்து மூக்கு வரை சற்றே அகலமான வெள்ளைப் பட்டை, உயரம் சுமார் 15 கை. ஒரு கை என்பது 4 அங்குலம், ஆக 60 அங்குலம், ஏறக்குறைய 152 செ.மீ. இன்றைய தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) 16 கை சர்வசாதாரணம் என்பதால் இது நம் கண்ணுக்குச் சிறிய குதிரைதான். நான்கு வயதுக் கணக்கைப் பின்னால் கழித்தால் பிறப்பு 1700 வசந்தம் என்று வருகிறது.

தகப்பன் வழி, தாய் வழி இரண்டிலும் அரபியர் மிக மதிக்கும் குலம், பெயர் "மன்னிக்கா" என்றும் அதில் எழுதியிருக்கிறார். இன்று முனிகி என்று எழுதுகிறோம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாலைவனத்தில் குதிரையின் குலப்பெயர் தாய் வழியாகத்தான் இறங்கும். இங்கிலாந்திலோ தகப்பன் வழியைத்தான் எண்ணினார்கள். அதனால் முனிகி என்ற பெயர் இந்த ஆண்குதிரையோடு நின்றுபோனது. வாங்கியவர் குடும்பத்தின் பெயர் 300 வருடமாக ஓடுகிறது.

1704இல் யார்க்‌ஷர் ஆல்ட்பி பார்க் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது. அது பந்தயத்தில் ஓடியதாகப் பதிவே இல்லை. டார்லி குடும்பத்துப் பெட்டைகளுக்குத்தான் பெரும்பாலும் விட்டார்கள், வெளிப் பெட்டைகள் மிகக் குறைவு. அந்தச் சில வெளிப் பெட்டைகளில் ஒன்றுதான் எல்லாவற்றையும் மாற்றியது: லெனார்ட் சில்டர்ஸ் என்பவரின் பெட்டி லீட்ஸ். அதற்கு இரண்டு ஆண் குட்டிகள். மூத்தது ஃபிளையிங் சில்டர்ஸ். 1721இல் நியூமார்க்கெட்டில் இறங்கி அந்தக் காலத்தின் மிக வேகமான குதிரை என்று பெயர் எடுத்தது. இளையது 1716இல் பிறந்த பார்ட்லெட்ஸ் சில்டர்ஸ். ஓடும்போது மூக்கில் ரத்தம் கொட்டும் என்பதால் அதைப் பந்தயத்துக்கு விடவே இல்லை. இன்றைக்கும் ரேஸ் அறிக்கையில் "ப்ளீடிங்" என்று வருகிறதே, பெரும்பாலும் அதே கோளாறு: கடும் ஓட்டத்தில் நுரையீரல் நுண்குழாய்கள் கிழிந்து ரத்தம் மேலேறி மூக்கு வழியே வருவது.

புகழ்பெற்ற அண்ணனின் ஆண்வழி நிலைக்கவில்லை. ஓடாத தம்பியின் வழிதான் நிலைத்தது. சங்கிலி இதுதான்:

டார்லி அராபியன் – பார்ட்லெட்ஸ் சில்டர்ஸ் (1716) – ஸ்க்வர்ட் (1732) – மார்ஸ்க் (1750) – எக்ளிப்ஸ் (1764) – பொட்டேட்டோஸ் (1773) – வாக்ஸி (1790) – வேல்போன் (1807) – சர் ஹெர்குலிஸ் (1826) – பேர்ட்கேச்சர் (1833) – தி பேரன் (1842) – ஸ்டாக்வெல் (1849) – டான்காஸ்டர் (1870) – பெண்ட் ஓர் (1877) – போனா விஸ்டா (1889) – சிலீன் (1895) – பாலிமெலஸ் (1902) – ஃபலாரிஸ் (1913) – ஃபாரோஸ் (1920) – நியர்கோ (1935) – நியர்க்டிக் (1954) – நார்தர்ன் டான்சர் (1961) – சாட்லர்ஸ் வெல்ஸ் (1981) – கலிலியோ (1998) – ஃப்ராங்கல் (2008).

1700க்கும் 2008க்கும் இடையே 24 தலைமுறை. சராசரி ஏறக்குறைய 13 வருடத்துக்கு ஒன்று.

பலவீனமான கண்ணிகள் ஆரம்பத்திலேயே இருக்கின்றன. ஸ்க்வர்ட்டுக்குக் குளம்பு அழற்சி. குளம்பின் உட்சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் திசு வீங்கிப் பிடி விட்டுவிடும். எலும்பு கீழே சாயும். குதிரை நிற்கவே முடியாமல் தவிக்கும். அதைச் சுட்டுவிடச் சொல்லி வெளியே கொண்டுபோனபோது பராமரித்தவர் கெஞ்சித் தடுத்தார் என்று பழைய ஏடுகள் சொல்கின்றன. அதற்குப் பிறந்த மார்ஸ்க், அதை வைத்திருந்த கம்பர்லாந்து கோமகன் 1765இல் இறந்ததும் அற்ப விலைக்குப் போய், கிராமத்துப் பெட்டைகளோடு அரை கினி (பழைய ஆங்கிலப் பொன் நாணயம்) கட்டணத்தில் பொலிகுதிரையாக நின்றது. அதன் மகன் எக்ளிப்ஸ் ஜெயிக்கத் தொடங்கிய பிறகே 100 கினிக் கட்டணம் வரை ஏறியது.

எக்ளிப்ஸ் பிறந்த 1764 ஏப்ரல் 1 அன்று சூரிய கிரகணம், பெயர் அதனால்தான். கோமகன் இறந்தபின் 75 கினிக்கு விற்கப்பட்ட குட்டி அது. 1769 மே மாதம் எப்சமில் முதல் ஓட்டம். 18 பந்தயம், 18 வெற்றி. அன்றைய பந்தயம் 4 மைல், அதையும் ஒரே நாளில் திரும்பத் திரும்ப ஓட விடுவார்கள். இன்றைய 1200 மீட்டரை மனதில் வைத்து அதை எடைபோடக் கூடாது.


பொலிக்கொட்டில் எழுதியது:

ஏடு சொல்வதை எடுத்துக்கொண்டு கையால் சரிபார்க்கும் முறையைச் சொல்கிறேன்.

ரேஸ் புத்தகத்தில் முதலில் வருவது தகப்பன், அடுத்து தாய். தகப்பன் பெயருக்குப் பின்னால் நாட்டுக் குறி இருந்தால் அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு குதிரைகள் உண்டு. பெயரும் பிறந்த வருடமும் நாடும் மூன்றும் பொருந்தினால்தான் அடுத்த படி. இந்தியக் குதிரைக்கு முதலில் இந்திய ஸ்டட் புத்தகம் (வம்சாவளிப் பதிவேடு), வெளிநாட்டுத் தகப்பன் என்றால் அந்த நாட்டுப் பதிவேடு.

25 பெயரையும் தேட வேண்டியதில்லை. நான்கைந்து படி ஏறும்போதே பெரும்பாலும் நார்தர்ன் டான்சர் அல்லது மிஸ்டர் ப்ராஸ்பெக்டர் வந்துவிடும். முன்னது ஃபாரோஸ் வழியாகவும், பின்னது சிக்கிள், அன்பிரேக்கபிள், பாலினேசியன், நேட்டிவ் டான்சர், ரெய்ஸ் எ நேட்டிவ் வழியாகவும் ஃபலாரிஸில் சேர்கின்றன. ஃபலாரிஸ் வந்துவிட்டால் மேலே இருப்பது மாறாத பாதை. அஹோநூரா, இண்டியன் ரிட்ஜ் என்று வந்தால் அது பையர்லி டர்க் வழி. டிஸ்நவ், மேன் ஓ வார் வந்தால் காடால்ஃபின் அராபியன் வழி. இவை இரண்டும் டார்லியைப் போலவே தரோபிரெட் இனத்தின் மூலப் பொலிகுதிரைகள்; இவற்றை டார்லி என்று எழுதிவிடாதீர்கள்.

வழக்கமாகத் தவறு நடக்கும் இடங்கள்:

பாதியில் தாயின் தகப்பனுக்குத் தாவிவிடுவது. ஐந்து தலைமுறை அட்டவணையில் மேல் ஓரத்து வரி மட்டும்தான் ஆண்வழி; கண் ஒரு வரி இறங்கினால் எல்லாம் போச்சு. ஒவ்வொரு படியிலும் தந்தைக்கும் மகனுக்கும் வயது வித்தியாசம் போட்டுப் பாருங்கள். 3க்குக் கீழோ 28க்கு மேலோ வந்தால் எங்கோ பிழை.

பெயர் எழுத்து அடுத்த சிக்கல். பொட்டேட்டோஸ் பெயரை ஒரு லாயப் பையன் "பாட்" என்று எழுதி அதன்பின் எட்டு "ஓ" போட்டதாகச் சொல்வார்கள். பதிவுகளில் எண் 8 போட்டும், எட்டு எழுத்து போட்டும் இரண்டு விதமாகவும் இருக்கிறது. ஒரு விதத்தில் கிடைக்காவிட்டால் மற்றதில் தேடுங்கள்.

வயதுக் கணக்கு மூன்றாவது. பழைய பந்தயப் பதிவுகளில் குதிரைக்கு மே 1இல் வயது ஏறும். நியூமார்க்கெட்டில் 1834 முதல் ஜனவரி 1 என்று மாற்றினார்கள், மற்ற இடங்களில் 1858இல். "5 வயது" என்று பார்த்ததும் வருடத்தைக் கழித்துவிட்டால் ஒன்று பிசகும்.

முதல் ஸ்டட் புத்தகம் வந்தது 1791இல். அதற்கு முந்திய எல்லாமே தனியார் பண்ணைக் குறிப்புகளைப் பின்னால் தொகுத்தவை. எக்ளிப்ஸே அதற்கு இரண்டு வருடம் முன்பு செத்துவிட்டது.


கிண்டி_வாசகன் எழுதியது:

மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: எக்ளிப்ஸுக்குத் தகப்பன் மார்ஸ்க் இல்லை, ஷேக்ஸ்பியர் என்ற வேறு குதிரை என்று ஒரு இடத்தில் படித்தேன். அப்படியானால் சங்கிலியே அறுந்துவிடாதா?


பழைய_ஏடு எழுதியது:

அறாது. தாய் ஸ்பிலெட்டாவை அதே பருவத்தில் இரண்டு பொலிகுதிரைகளுக்கும் விட்டார்கள் என்பதுதான் வாதம். சினைக் காலம் சுமார் 340 நாள், அதில் இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆவது இயல்பு. இரண்டு சேர்க்கைகளும் சில வாரத்துக்குள் நடந்திருந்தால் பிறந்த தேதியை வைத்து அந்தக் காலத்தில் தீர்ப்புச் சொல்ல வழியில்லை. ஆனால் ஷேக்ஸ்பியரின் தகப்பன் ஹாப்காப்ளின், அதன் தகப்பன் அலெப்போ, அதன் தகப்பன் டார்லி அராபியன்! எந்தப் பக்கம் போனாலும் அதே முளைக்குத்தான் வந்து சேர்கிறோம்.

பெண்ட் ஓர் விஷயமும் இப்படித்தான். 1880 டெர்பியில் ஜெயித்த குதிரை பெண்ட் ஓர் அல்ல, குட்டியிலேயே மாறிப்போன டாட்காஸ்டர் என்று அப்போதே புகார் கொடுத்தார்கள், தள்ளுபடி ஆனது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் எலும்பிலிருந்து தாய்வழி மரபணுவை எடுத்துப் பார்த்த 2012 ஆய்வு, அது டாட்காஸ்டரின் தாய் வழியோடு பொருந்துகிறது என்றது. புகார் சொன்னவர்கள் பக்கம் நியாயம் இருந்திருக்கிறது. ஆனால் இரண்டு குட்டிகளுக்கும் தகப்பன் டான்காஸ்டர்தான். தாய்ப் பத்தியில் உள்ள பெயர் மாற வேண்டும், ஆண்வழி அப்படியே நிற்கும்.


மரபணு_மேசை எழுதியது:

95 சதவீதம் பற்றி. 2001இல் வந்த ஒரு வம்சாவளி ஆய்வின் கணக்கு அது: இன்றைய தரோபிரெட் ஆண்வழிகளில் 95 சதவீதம் டார்லி அராபியனில் முடிகிறது. இது தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும் ஒய் குரோமோசோம் போகும் பாதை மட்டும். அதே ஆய்வு மொத்த மரபணுப் பங்கையும் கணக்கிட்டது. டார்லியின் பங்கு 6.5 சதவீதம்; ஆண்வழியில் பின்தங்கிவிட்ட காடால்ஃபினின் பங்கு 13.8 சதவீதம். எக்ளிப்ஸின் தாய் ஸ்பிலெட்டாவே காடால்ஃபினின் பேத்திதான். ஆண்வழி அட்டவணையில் அது எங்கும் தெரியாது.

ஃப்ராங்கலின் ஆண்வழி ஒன்றை மட்டும் பார்த்தால் டார்லியின் பங்கு இரண்டில் ஒன்றை 24 தடவை பெருக்கியது, அதாவது சுமார் 1 கோடியே 68 லட்சத்தில் ஒரு பங்கு. பிறகு எப்படி 6.5? தாய் வழி, பாட்டி வழி என்று ஆயிரக்கணக்கான பாதைகளில் அதே குதிரை திரும்பத் திரும்ப வருவதால்தான்.

வேகம் பற்றிக் கேட்டீர்கள். தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவதும் குறுந்தூர ஓட்டத்தோடு நெருங்கிய தொடர்புள்ளதுமான மையோஸ்டாட்டின் மரபணுவில் சி, டி என்று இரண்டு வகை. இரண்டு சி என்றால் குறுந்தூரம், ஒன்றொன்று என்றால் நடுத்தூரம், இரண்டு டி என்றால் நெடுந்தூரம். சி வகை தரோபிரெட்டுக்குள் ஒரே ஒரு மூலத்திலிருந்து வந்தது, அது பெரும்பாலும் பிரிட்டனின் உள்ளூர்ப் பெட்டை ஒன்று, பின்னால் நியர்க்டிக் வழியாகப் பரவியது என்பது 2012 ஆய்வின் முடிவு. ஆக இன்றைய 1200 மீட்டர் வெடிப்பு வேகத்தை டார்லியின் கணக்கில் எழுத முடியாது. டார்லி 4 மைல் ஓட்டக் காலத்தில் இங்கிலாந்துக்கு வந்த குதிரை.

"சுத்த அரபு" பற்றி. 2017இல் வெளியான ஒய் குரோமோசோம் ஆய்வு, இந்த ஆண்வழியின் வேரை மத்திய ஆசியத் துர்க்மேன் குதிரைகளின் பக்கம் வைக்கிறது. 2020இல் 12 நாடுகளின் 378 அரபுக் குதிரைகளை ஆராய்ந்தவர்களும், தரோபிரெட்டில் அரபு இனத்தின் குறிப்பிடத்தக்க பங்கு தெரியவில்லை, ஒய் பக்கமும் இல்லை என்றார்கள். டார்லி பொய் எழுதினார் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அலெப்போ பெரிய வணிக நகரம், மூடிய பதிவேடு என்பதே அன்று கிடையாது. எத்தனையோ தலைமுறைக்கு முன் ஒரு துர்க்மேன் பொலிகுதிரை நுழைந்திருந்தாலும் குலப்பெயர் தாய் வழியில் முனிகி என்றே தொடரும், ஒய் மட்டும் வேறாக இருக்கும். கடிதமும் ஆய்வும் மோதவில்லை என்பது என் கருத்து.

இன்னொன்று. அதே 2020 ஆய்வு, தட்டைப் பந்தயத்தில் (தடை தாண்டாத ஓட்டம்) ஓடும் இன்றைய "தூய அரபு" குதிரைகளில் அண்மைக் காலத் தரோபிரெட் கலப்புக்கு வலுவான ஆதாரம் கண்டது. அரபிலிருந்து தரோபிரெட்டுக்கு ரத்தம் போனது என்று நாம் பேசிக்கொண்டிருக்க, பந்தய லாயங்களில் அது எதிர்த்திசையில் ஓடியிருக்கிறது. அரபுப் பந்தயக் குதிரைக்கு வெறும் காகித வம்சாவளியை நம்பி விலை கொடுப்பது சரியல்ல என்றே சொல்வேன்.

சோதனைக்கு அனுப்புவதானால்: பிடரி அல்லது வாலிலிருந்து 20–30 முடி, வெட்டாமல் வேரோடு பிடுங்க வேண்டும். மரபணு இருப்பது அடியில் உள்ள வெள்ளைக் குமிழில். வெட்டிய முடி பயன்படாது. ஈரம் இல்லாமல் காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக் பை வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஒரு உறைக்கு ஒரு குதிரை. பிடுங்கும் கையைத் துடைத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். காயடித்த குதிரையிலும் ஒய் உண்டு, தாராளமாக அனுப்பலாம். பெட்டையில் ஒய் கிடையாது; அதன் தகப்பன் வழி தெரிய வேண்டுமென்றால் அதே தகப்பனுக்குப் பிறந்த ஆண் குட்டி ஒன்றின் முடி வேண்டும்.


கிண்டி_வாசகன் எழுதியது:

நான் பார்த்துக்கொண்டிருந்ததே ஒரு பெட்டைக் குதிரைதான். தகப்பன் வழியில் ஐந்தாவது படியில் நார்தர்ன் டான்சர் வந்துவிட்டது. வயது வித்தியாசம் எல்லாம் 7க்கும் 20க்கும் நடுவில் இருக்கிறது. இனி தாய் வழியைத் தனித் தாளில் எழுதத் தொடங்குகிறேன்.