பெருங்காமநல்லூர் நினைவுத்தூணைச் சுற்றிப் பூங்கா வேண்டுமா?

கருமாத்தூரான்:
1920 ஏப்ரல் 3 அன்று, ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளி என்று முத்திரை குத்திய வெள்ளைக்காரனின் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குக் கைரேகை வைக்க மறுத்த இந்த உசிலம்பட்டிப் பக்கத்து ஊர் மேல் போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அதற்கு ஒரு தூண் இருக்கிறது. வருசா வருசம் ஏப்ரலில் மாலை போடுகிறோம், அதோடு சரி. சுற்றிலும் வேம்பு, புங்கை வைத்து, நடைபாதையும் ஊஞ்சலும் போட்டால் தினமும் ஆள் வரும். ஜாலியன்வாலாபாக்கும் பூங்காதானே?

வைகைக்கரை:
அண்ணே, அந்த உதாரணமே உங்களைக் கவிழ்க்கிறது. டயரின் படை நுழைந்த அந்தக் குறுகலான சந்துச் சுவரில், 2021-இல் புதுப்பிக்கிறேன் என்று சிற்பங்களைப் பதித்தார்கள். பழைய தடயமே போச்சு என்று வரலாற்றாசிரியர்கள் கொதித்தார்கள். நம்ம ஊரில் இன்னும் மோசமாகும். ஊஞ்சல் வந்தால் பின்னாடியே பஜ்ஜிக்கடை, அப்புறம் திறந்துவைத்தவர் பேரில் தூணைவிடப் பெரிய கல்வெட்டு.

கருமாத்தூரான்:
பஜ்ஜிக்கடை வரட்டுமே தம்பி. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் சீமைக்கருவேலம்தான் வரும்.

உசிலைக்காரி:
ஆள் வந்தால் வரலாறு தெரிந்துவிடுமா? மதுரை யானைக்கல்லில் ஜார்ஜ் ஜோசப் சிலையைத் தாண்டி ஒரு நாளைக்கு எத்தனை பஸ் போகிறது! இந்தச் சட்டத்தை எதிர்த்து நம்ம பிரமலைக் கள்ளர் சனத்துக்காக வாதாடிய பாரிஸ்டர் அவர். 'ரோசாப்பூ துரை' என்று கொண்டாடி, பிள்ளைகளுக்கே ரோசாப்பூ என்று பேர் வைத்தார்கள். சிலையைப் பார்த்தா வைத்தார்கள்?

நீங்கள் இரண்டு பேருமே துப்பாக்கிச்சூட்டோடு நின்றுவிடுகிறீர்கள். 1914-இல் மதுரைப் பக்கம் கீழக்குயில்குடியில் ஆரம்பித்த கைரேகைப் பதிவு இது. 1947-இல்தான் நம்ம மாகாணத்தில் சட்டமே ரத்தானது. அதுவரை ஆம்பளைகள் ராத்திரியில் போலீஸ் கண்காணிப்பில் போய்ப் படுக்கணும், வெளியூர் போனால் ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு கையில் இருக்கணும். இதைச் சொல்ல அங்கே என்ன இருக்கிறது? பூங்கா போடுங்கள், போடாமல் போங்கள். முதலில் சட்டம் என்ன செய்தது என்று விவரமாக எழுதிப் பலகை வையுங்கள். செத்தவர்களில் மாயக்காள் என்று ஒரு பொம்பளையும் உண்டு என்பது நம்ம பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்?

வைகைக்கரை:
அக்கா சொல்வதுதான் சரி. பலகை போதும், பூங்கா வேண்டாம்.

கருமாத்தூரான்:
ரோசாப்பூ என்று பேர் வைத்த தலைமுறை போய்ச் சேர்ந்துவிட்டது, தாயி. பேரன்களுக்கு யார் சொல்வது? பலகை வையுங்கள், நான் தடுக்கவில்லை. ஊஞ்சலைக்கூட விட்டுவிடுகிறேன். மரத்தை விடமாட்டேன். ஏப்ரல் வெயிலில் நின்று எவன் உங்கள் பலகையைக் கடைசிவரி வரை படிப்பான்?