வீட்டுக் குழு: கிரிகல்பொத்தைக்குப் போகும் போன்

கஜன்: சனிக்கிழமை ஹோட்டன் சமவெளிக்கு வான் பேசியாயிற்று. இந்த முறை உலக முடிவுப் பாறை விளிம்புக்கு இல்லை, கிரிகல்பொத்தை மலைக்கு. போக ஏறத்தாழ 7 கிலோமீட்டர், திரும்பவும் அவ்வளவு.

சித்தி: அங்கே சிக்னலே கிடையாதாமே. வழி யாரிடம் கேட்பீர்கள்? மரையிடமா?

கஜன்: போனில் ஜிபிஎஸ் இருக்கிறது சித்தி.

சித்தி: சிக்னல் இல்லாத இடத்தில் போன் வெறும் டோர்ச் லைட்தானே.

பெரிய மாமா: இல்லை பிள்ளை. செயற்கைக்கோள் தன்பாட்டில் நேரத்தைச் சொல்லிக்கொண்டே சுற்றுகிறது. போன் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். நான்கு செயற்கைக்கோளின் குரல் கேட்டால் நிற்கும் இடத்தைக் கணக்குப் பார்த்துவிடும். இதற்கு சிம் கூடத் தேவையில்லை. டேட்டா கேட்பது வரைபடம். அதை வீட்டு வைஃபையில் இறக்காமல் போனால், வெறுந்திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் நிற்கும்.

கஜன்: கூகுள் மேப்ஸில் நுவரெலியாப் பக்கம் முழுவதையும் இறக்கிவிட்டேன் மாமா.

நிரோ அக்கா: அது வான் டிரைவருக்குத்தான் உதவும். ஆஃப்லைனில் கூகுள் வாகன வழி மட்டுமே சொல்லும், நடைவழி சொல்லாது. ஓர்கானிக் மேப்ஸ் அல்லது ஒஸ்ம்அண்ட் போடு. இரண்டுக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்தான் அடிப்படை, ஒற்றையடிப் பாதைகளும் இருக்கும். யாராவது நடந்து பதிந்த ஜிபிஎக்ஸ் கோப்பு, அதாவது அவர் போன தடத்தின் கோப்பு, கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்.

கஜன்: சரி அக்கா, போட்டுப் பார்க்கிறேன்.

கஜன்: ஒரு சந்தேகம். நேற்று கொழும்பில் காலிமுகத்திடல் கடற்கரையில் நின்று வேறொரு ஆப்பில் உயரம் பார்த்தேன். மைனஸ் 96 மீட்டர் என்றது. போன் பழுதா?

சித்தி: ஐயோ, அப்ப நாங்கள் எல்லாம் கடலுக்குள்ளேயா?

பெரிய மாமா: 😄 போனில் பழுதில்லை. ஜிபிஎஸ் உயரத்தைக் கடலிலிருந்து அளப்பதில்லை. கணக்குக்காக வைத்திருக்கும் வழுவழுப்பான ஒரு பூமி வடிவத்திலிருந்து அளக்கிறது. நிஜக் கடல்மட்டம் அப்படி வழுவழுப்பாக இல்லை. ஈர்ப்பு கூடிய இடத்தில் மேடு, குறைந்த இடத்தில் பள்ளம். உலகத்திலேயே ஆகப் பெரிய பள்ளம் எங்கே தெரியுமா? எங்களுக்குத் தெற்கே, இந்து சமுத்திரத்தில். 100 மீட்டருக்கும் மேல். அந்தச் சரிவில்தான் கொழும்பும் இருக்கிறது. நல்ல ஆப் இதைத் திருத்திவிட்டுக் காட்டும், சிலது அப்படியே காட்டும். ஆகவே கிரிகல்பொத்தை உச்சியில் நின்றுகொண்டு, 2,388 மீட்டருக்கு இன்னும் 100 மீட்டர் ஏற வேண்டும் என்று தேடித் திரியாதே.

நிரோ அக்கா: நில அளவையாளரிடம் உயரம் பற்றிக் கேட்டால் இதுதான் நடக்கும்.

பெரிய மாமா: கோணம் அளக்கும் தியோடலைட்டைத் தோளில் வைத்து அந்த மலையெல்லாம் ஏறினவன் வேறு எதைப் பேசுவான்?

நிரோ அக்கா: கஜன், பாதையைக் கவனி. புல்வெளியில் மரை நடந்த தடமும் மனிதர் நடந்த தடமும் ஒரே மாதிரித்தான் இருக்கும். பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. தொடங்கும் இடத்திலேயே தடப் பதிவைப் போட்டுவிடு. குழம்பினால் புதுவழி தேடாமல் வந்த கோட்டைப் பிடித்துத் திரும்பு. மரத்துக்குக் கீழே புள்ளி கொஞ்சம் துள்ளும், அதைப் பார்த்துப் புதருக்குள் இறங்காதே. வெளியில் வந்து நின்றால் அடங்கிவிடும்.

கஜன்: பற்றறி தாங்குமா?

நிரோ அக்கா: ஏரோப்பிளேன் மோடில் போடு. சிக்னலைத் தேடித் தேடித்தான் போன் சாகிறது. ஜிபிஎஸ் அதிலும் வேலை செய்யும், ஆனால் வீட்டில் ஒருமுறை சோதித்துப் பார். நக்கிள்ஸ் மலையில் எங்களோடு வந்த ஒருவருக்கு மத்தியானத்திலேயே போன் அணைந்தது. பவர் பேங்கை உள்சட்டைப் பக்கம் வை, குளிரில் அதுவும் சோர்ந்துவிடும். போன் உறையில் காந்தம் இருந்தால் கழற்று. திசைமுள் பொய் சொல்லும்.

சித்தி: சரி, ஏதும் ஒன்றென்றால்?

பெரிய மாமா: 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ். அழைப்பு போகாத இடத்திலும் சில நேரம் எஸ்எம்எஸ் போய்விடும். லொக்கேஷன் லிங்க் வேண்டாம், அதைத் திறக்க டேட்டா வேண்டும். நிற்கும் இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு இலக்கங்களை அப்படியே எஸ்எம்எஸ்ஸில் தட்டி அனுப்பு. எல்லோரும் இப்போதே ஒருமுறை அனுப்பிப் பழகுங்கள்.

சித்தி: 6.87, 79.86

பெரிய மாமா: தங்கச்சி, இரண்டு தசமத்தை வைத்து உன்னைத் தேடினால் கிருலப்பனை வரை வீடு வீடாகத் தட்ட வேண்டும். ஒரு கிலோமீட்டர் அங்கே இங்கே போகும். நான்கு தசமம் போடு, 11 மீட்டருக்குள் பிடித்துவிடலாம்.

சித்தி: போட்டேன் அண்ணா, பாருங்கள். பக்கத்து வீட்டுக் கூரையைக் காட்டுகிறதாம்.

நிரோ அக்கா: குசினிக்குள் நின்று எடுத்திருப்பீர்கள். மொட்டைமாடிக்கு ஏறுங்கள் சித்தி.

சித்தி: புட்டு அடுப்பில் இருக்கிறது. கஜன், அட்டைக்கு உப்பு யார் கொண்டுபோவது?