நின்றிருந்த லாரியின் பின்னால் பைக் மோதினால் தவறு யார் மீது?

சங்ககிரிவாசி:
சேலம்–கோவை நாலுவழிச் சாலை, இரவு 11 மணி. பஞ்சராகி நின்ற 12 சக்கர லாரியின் பின்னால் பைக் மோதியிருக்கிறது. ஓட்டியவர் அங்கேயே இறந்துவிட்டார், பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு இடுப்பெலும்பு முறிவு. லாரியின் வலப்பக்கச் சக்கரங்கள் வெள்ளைக்கோட்டைத் தாண்டி ரோட்டுக்குள் இருந்தன. எஃப்.ஐ.ஆர். போட்டிருப்பது இறந்தவர் மீது: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்'. "பின்னால் இடிச்சவன் மேலதான் தப்பு, நஷ்டஈடு கிடைக்காது" என்று குடும்பத்தை அனுப்பிவிட்டார்கள். இது சரிதானா? தவறு யாருடையது என்பதை எதை வைத்து முடிவு செய்வார்கள்?

மகஜர்:
சரியில்லை சார். எஃப்.ஐ.ஆர். வழக்கின் ஆரம்பம்தான், தீர்ப்பு அல்ல. பெரும்பாலும் லாரி டிரைவரோ கிளீனரோ சொன்னதை வைத்துத்தான் எழுதியிருப்பார்கள். இறந்தவர் வந்து மறுப்பு சொல்ல முடியாதே. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சாட்சியத்தைத் தானே எடைபோடும். கிரிமினல் வழக்கு போல சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும்.

'பின்னால் மோதியவரே குற்றவாளி' என்று சட்டத்தில் எங்கும் இல்லை. மாறாக, மற்றவர்களுக்கு ஆபத்து வரும்படி வண்டியை விட்டுவைப்பதை மோட்டார் வாகனச் சட்டம் 122ஆம் பிரிவு தடை செய்கிறது. நெடுஞ்சாலை நடுவே எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விட்டுப்போன 14 சக்கர லாரியில் கார் மோதிய வழக்கில், காரோட்டி மீது கீழ் நீதிமன்றங்கள் போட்டிருந்த 50 சதவீதத் தவறுப் பங்கை உச்ச நீதிமன்றம் 2024இல் நீக்கி, முழுப் பொறுப்பையும் லாரி மீதே வைத்தது. அதற்காக எல்லா வழக்கிலும் அப்படியே வரும் என்று நம்பிவிடாதீர்கள். தெருவிளக்கு வெளிச்சம் இருந்தது, லாரி தூரத்திலேயே தெரிந்தது, பைக்காரர் குடித்திருந்தார் என்று ஆவணம் இருந்தால் பங்கு பிரிப்பார்கள்.

முதல் வேலையாக வாங்க வேண்டியவை: பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை. வரைபடத்தில் வெள்ளைக்கோட்டுக்கும் லாரியின் வலப் பின்சக்கரத்துக்கும் இடையே எத்தனை அடி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பல வரைபடங்களில் அந்த ஒரு அளவுதான் விட்டுப்போயிருக்கும், வழக்கே அதில்தான் நிற்கிறது. லாரியின் அகலம் 2.6 மீட்டர் வரை இருக்கலாம். தார் போட்ட ஓரம் 1.5 மீட்டர் என்றால், எவ்வளவு ஒதுக்கினாலும் ஒரு மீட்டர் ரோட்டில்தான் நிற்கும். அப்படி நிற்கும்போது எச்சரிக்கை வைக்கும் கடமை டிரைவருக்குக் கூடுகிறதே தவிர, இடமில்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

பட்டறை_ராசு:
வண்டிப் பக்கம் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.

பின்பக்கச் சிவப்பு ஒளிர்பட்டை முழு அகலத்துக்கும் இருந்ததா, அதன் மேல் பெயிண்டோ சேறோ அப்பியிருந்ததா. பேட்டரி இறங்கிவிடும் என்று நின்றதும் மெயின் சுவிட்சை அணைப்பது வழக்கம், அதோடு பார்க்கிங் விளக்கும் போய்விடும். ஒளிரும் முக்கோணப் பலகைக்குப் பதில் இலைக்கொத்தும் நாலு கல்லும் வைத்திருப்பார்கள். இருட்டில் இலை தெரியாது, கல் இன்னொரு பைக்கைச் சாய்க்கும். சம்பவ இடத்துப் போட்டோவில் முக்கோணம் இருக்கிறதா, எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று பாருங்கள்.

மோதியதில் டெயில் லேம்ப் உடைந்துவிட்டால் "எரிஞ்சுதான் இருந்தது" என்பார்கள். இழை பல்பாக இருந்தால் அந்த உடைந்த பல்பே சாட்சி. எரியும்போது அடி விழுந்தால் சூடான இழை கம்பி போல நீண்டு கோணிக்கொள்ளும். அணைந்திருந்தால் சுருள் கலையாமல் 'டக்'கென்று முறிந்திருக்கும். தடயவியலுக்கு அனுப்பச் சொல்லி ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுங்கள், வண்டியை விடுவித்ததும் லேம்பை மாற்றிவிடுவார்கள். எல்.இ.டி. விளக்கில் இந்தச் சோதனை இல்லை.

பின்னால் உள்ள தடுப்புக் கம்பியையும் அளக்க வேண்டும். அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து 550 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. கம்பி இல்லாமலோ மேலே தூக்கி வளைந்தோ இருந்தால் பைக் அடியில் நுழைந்து, முழு அடியும் தலையிலும் நெஞ்சிலும் விழும். விபத்துக்குக் காரணம் அது இல்லாவிட்டாலும், உயிர் போனதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

"வேகமா வந்தான்" என்பதற்கும் கணக்கு உண்டு. 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். கண்டு பிரேக் பிடிக்க ஒன்றரை நொடி, அதில் 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 23 மீட்டர், மொத்தம் 48. லோ பீமில் விளக்கில்லாத அழுக்கு லாரி 30–40 மீட்டருக்குள்தான் கண்ணில் படும். நிதானமாக வந்தவரும் மோதத்தான் செய்வார்.

சங்ககிரிவாசி:
மிக்க நன்றி. பைக்காரருக்கு லைசென்ஸ் இல்லை, ஹெல்மெட்டும் இல்லை என்றால்? பின்னால் இருந்தவர் தனியாக மனு போட வேண்டுமா?

மகஜர்:
லைசென்ஸ் இல்லை என்பதாலேயே விபத்துக்கு அவர் காரணமாகிவிட மாட்டார். ஒரே பைக்கில் மூன்று பேர் ஏறிப் போனதற்கும் இதையேதான் உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது: அந்த மீறலுக்கும் விபத்துக்கும் தொடர்பு காட்ட வேண்டும். ஹெல்மெட் இல்லாதது மோதலுக்குக் காரணம் ஆகாது, தலைக்காயத்தின் அளவைப் பற்றி வேண்டுமானால் வாதிடுவார்கள்.

பின்னால் இருந்தவர் தனி மனு போடட்டும், அவர் நிலை இன்னும் பலமானது. இரண்டு வண்டி மீதும் தவறு என்று வந்தாலும் அவரைப் பொறுத்தவரை அது இருவரின் கூட்டுத் தவறு. முழுத் தொகையையும் லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனியிடமே கேட்கலாம், பங்கு பிரித்துக்கொள்வது அவர்கள் பாடு. இறந்தவரின் தவறுப் பங்கு அவருடைய வாரிசுகளுக்கு வரும் தொகையில் மட்டும்தான் கழியும்.

எதிர்மனுதாரர்களாக டிரைவர், ஆர்.சி.யில் (வண்டிப் பதிவுச் சான்றில்) பெயர் உள்ள ஓனர், இன்சூரன்ஸ் கம்பெனி மூவரையும் சேர்க்கவும். லாரி கைமாறியிருந்தாலும் பெயர் மாற்றாத வரை ஆர்.சி.க்காரரை விட முடியாது. பர்மிட் இல்லாமல் ஓடியிருந்தால் கம்பெனி முதலில் பணத்தைக் கட்டிவிட்டு ஓனரிடம் வசூலிக்கும்படி உத்தரவு வரும்.

காலக்கெடு முக்கியம். 2022 ஏப்ரல் 1 முதல், மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவில் போடும் இந்த இழப்பீட்டு மனுவுக்கு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம். போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும் 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும், அது வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சம்பவம் நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, குடும்பம் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலும் போடலாம்.

பட்டறை_ராசு:
ஒன்று விட்டுப்போச்சு. லாரி எத்தனை மணிக்கு நின்றது என்பதற்கு டோல்கேட் ஃபாஸ்டேக் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். "இப்பதான் பஞ்சராச்சு, ஸ்டெப்னி எடுக்கப் போனேன்" என்பார் டிரைவர். கடைசி டோல்கேட்டைத் தாண்டிய நேரத்தோடு அங்கிருந்து வந்த தூரத்தைச் சேர்த்துப் பார்த்தால், நின்று எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்பது தெரிந்துவிடும்.